பொன்மணியின் இடது கால்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தபோது, ஊரிலிருந்து மலாயாவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஓர் அம்மாள் என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் குளச்சல் பக்கத்துக்காரர்தான்; பெயரை எழுத மாட்டேன். அவர் பார்வை பிள்ளையின் முகத்தில் நிற்கவில்லை. நேரே காலுக்குப் போயிற்று.

"இதுதான் அந்தத் தீனக்காரப் பிள்ளையா? காலு இன்னும் வத்தல்லியா? இத எவன் தலையில கட்டப்போற?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். எங்கள் பக்கத்தில் நோயைத் தீனம் என்போம்.

பொன்மணிக்குப் பன்னிரண்டு வயது. என் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, "தாப்பா, அம்மா" என்றாள். மலாயில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். அந்த அம்மாளோ திகைத்துப்போய், "என்னத்தத் தரணும்?" என்று என்னிடம் கேட்டார். பொன்மணி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

என் மகளின் காலைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுவதாகக் கேள்விப்படுகிறேன். ரப்பர்க் காட்டில் பாம்பு தீண்டியது என்கிறார்கள். யானைக்கால் என்கிறார்கள். பெரியவர்கள் சொல்லைத் தாய் தட்டியதால் வந்த தண்டனை என்றுகூடச் சொல்கிறார்களாம். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நடந்ததைத் தெரிந்துகொள்ளட்டும். பெரியவர்கள் சொல்லைத் தட்டியது மட்டும் உண்மை.

2

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு வேலை உண்டு. பொன்மணி ஒரு குப்பியில் கொஞ்சம் மூத்திரம் கொண்டுவந்து தருவாள். நான் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கின்மேல் பிடிப்பேன். கொதித்த பிறகும் தெளிவாக நின்றால் அந்த வாரம் எங்களுக்கு நல்ல வாரம். வெந்த முட்டையின் வெள்ளைபோலத் திரண்டால் பழைய தீனம் திரும்பிவிட்டது என்று பொருள். சில தடவை லேசாக மங்கியது உண்டு. அப்போது நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். பிறகு தானாகவே தெளிந்திருக்கிறது.

முன்பெல்லாம் அவள் பக்கத்தில் நின்று விளக்கை ஊதி அணைப்பாள். இப்போது வெட்கம் வந்துவிட்டது. "என் பிரெண்ட் வரும்போது அந்த விளக்க ஒளிச்சு வைங்கம்மா" என்கிறாள். அந்தச் சிநேகிதி சீனப் பெண். இருவரும் பாதி இங்கிலீஷிலும் பாதி மலாயிலும் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பாதிதான் விளங்குகிறது. தமிழ் வேதத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னால் பொன்மணிக்குத் தலைவலி வந்துவிடும். நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம். என்னோடு சண்டை போட அவள் இருக்கிறாள் என்பதை நினைத்து, சண்டையின் நடுவிலேயே எனக்கு மனம் நிறைந்துபோகும். அவளுக்கு அது தெரியாது.

இந்த விளக்குச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கும் டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது பொன்மணிக்கு ஆறு வயது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். பொன்மணியப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. இருக்கிற வேலை நிற்குமா போகுமா என்று தெரியாமல் இருந்தோம்.

ஒருநாள் காலையில் பிள்ளையின் கண்ணிமைகள் தடித்திருந்தன. கொசுக்கடி என்று நினைத்தேன். மறுநாள் பாதம் வீங்கியது. கொஞ்ச நாளில் முகம் வேறு யாருடைய முகமோ போல ஆகி, வயிறு பானைபோல் தள்ளிக்கொண்டு வந்தது. டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பிள்ளைக்குச் சலம் ஒழுங்காப் போகுதோ?" என்று கேட்டார்.

அவர் மூத்திரத்தைத்தான் கேட்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் சலம் என்றால் புண்ணிலிருந்து வடியும் சீழ். "சலமே கிடையாதே, ஒரு துளிகூட வரல்ல" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எத்தினை நாளா?" என்றார்.

"பிறந்ததுலேருந்தே கிடையாது. ஆனா வெள்ளம் நல்லாக் குடிக்கிறா."

"வெள்ளமோ? எந்த வெள்ளம்?" என்று அவர் ஜன்னல் வழியே ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். குடிக்கிற தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு தமிழர்கள் பேசிப் புரிந்துகொள்வதற்குள் பிள்ளை மேசைமேலேயே தூங்கிவிட்டது. பிறகு அவர் குழாயை விளக்கில் பிடித்தார். என் கண்ணெதிரே குழாய் முழுவதும் வெள்ளையாகத் திரண்டு நின்றது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சிறுநீரக வியாதி என்றார்கள். உப்பு கூடாது, நடக்கக் கூடாது, பால் கொடுங்கள் என்றார்கள். வீக்கம் வடிவதும் திரும்ப ஏறுவதுமாகச் சில மாதங்கள் போயின. கடைசியில் அங்கிருந்த டாக்டர் என்னை நேரே பார்க்காமல், "ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சொந்தக்காரர்கள் ஒருதடவை பார்க்கட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சாகக் கொடுக்க நான் அவளைக் கப்பல் ஏற்றவில்லை. எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதை நினைத்துத்தான் கிளம்பினேன். பொன்மணியப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

3

ஊரில் வீட்டுப் பெரியவர் பொன்மணியப்பாவின் அண்ணன். நான் அத்தான் என்று அழைப்பேன். கணவனை இழந்த அவர்களுடைய அக்காளும் அந்த வீட்டில்தான் இருந்தார். அவரை மைனி என்பேன். போய் இறங்கிய அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். "முதல்ல வைத்தியர் பார்க்கட்டு" என்றார் அத்தான். அவர் வீட்டில் அவர் சொல்தான் நடக்கும்.

அந்த நாட்டு வைத்தியர் கெட்டவர் அல்ல. உடம்பில் நீர் கோத்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும் என்று நினைத்தார். கடுமையான பேதி மருந்து கொடுத்தார். தண்ணீர் கொடுக்கவே கூடாது என்றார். வீக்கம் மளமளவென்று வடிந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். பிள்ளையின் உதடு வெடித்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. "வெள்ளம் தாங்கம்மா, வெள்ளம் தாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கிடந்தாள். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தால் அந்தத் துணியைக் கடித்துக்கொள்வாள்.

அப்படிக் கிடந்தபோதுதான் இடது கால் வீங்கியது.

அத்தனை மாதம் வீக்கத்தோடேயே வாழ்ந்தவள் நான். பழைய வீக்கத்தில் விரலால் அழுத்தினால் பிசைந்த மாவுபோலக் குழி விழும். இரண்டு காலிலும் ஒரேமாதிரி இருக்கும், வலி இருக்காது. இது அப்படி இல்லை. வலது கால் குச்சியாக இருக்க, இடது கால் மட்டும் தொடைவரை விறைத்து, பளபளத்து, நீலம் பாய்ந்திருந்தது. தொட்டால் சுட்டது. கெண்டைச் சதையில் கை பட்டதும் பிள்ளை அலறினாள்.

"நீரு காலுக்கு இறங்கிட்டு. எண்ணெயச் சூடாக்கித் தேய்ச்சு உருவி விட்டா ஏறிப்போவும்" என்றார் வைத்தியர்.

மைனி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். வைத்தியர் கையில் எண்ணெயைத் தொட்டு ஒருதடவை உருவினார். பொன்மணி போட்ட சத்தத்தை இப்போது எழுதும்போதும் கேட்கிறேன். நான் எண்ணெய்ச் சட்டியை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தேன்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று அத்தான் எழுந்தார். "நீ படிச்ச படிப்புல இதுக்கெல்லாம் மருந்து உண்டா?"

"கிடையாது அத்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இனி இந்தக் கால யாரும் தொடக் கூடாது. நான் ஆசுவத்திரிக்குக் கொண்டு போறேன்."

"போற வழியில செத்தா?"

"இஞ்ச கிடந்தா சாவாதா?"

மைனி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அன்பாகத்தான் சொன்னார்: "பெண்பிள்ளைதானே மக்கா. தந்தவரு எடுக்காரு. உனக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்."

"எனக்கு இன்னொண்ணு வேண்டாம் மைனி. இதுதான் வேணும்."

அந்தச் சொல்லை இன்றுவரை அவர் எனக்கு மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தங்கலிங்கம் வேலியோரம் நின்றிருந்தார். தேங்காய் வியாபாரி. அய்யாவழி மார்க்கத்தைச் சேர்ந்தவர், நெற்றியில் நாமமும் தலையில் கட்டும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டோடு அவருக்குப் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. "வண்டி குலுங்கும் அக்கா. கட்டிலோட தூக்கிருவோம்" என்றார். ஓலை முடைகிற இடத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்தார். அத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெயில் ஏறிவிட்டது. கட்டிலில் பிள்ளை, காலின்கீழ் தலையணை, மேலே நிழலுக்கு என் சேலை ஒன்று. நான்கு பேரும் ஒரே நடையாக நடந்தார்கள். எதிரே குளச்சலிலிருந்து மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். சேலை மூடிய கட்டிலைப் பார்த்ததும் பிணம் என்று நினைத்து வழியை விட்டு ஒதுங்கினார்கள். ஒரு கிழவி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள்.

சேலைக்கு உள்ளிருந்து, "நான் சாவல்ல" என்று குரல் வந்தது.

கிழவி, "எனக்க மாதாவே!" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் சேலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, நீ சாவ மாட்ட. இந்த வாயி உன்னச் சாவ விடாது" என்று சொல்லிப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். கன்னத்தில் மீன் வாடை. பொன்மணி முகத்தைச் சுளித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஓர் உணர்ச்சியைப் பார்த்தேன்.

4

மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் எங்கள் பக்கத்து இளம் டாக்டர். காலை அழுத்திப் பார்க்கவில்லை. நாடா எடுத்து இரண்டு காலையும் அளந்தார். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு என்னிடம், "யாராவது தேய்ச்சியளா?" என்று கேட்டார்.

"ஒருதடவை. நான் விடல்ல."

"நல்லவேளை."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வியாதியுள்ள பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் இருப்பார்கள். "இந்தத் தீனத்துல ரத்தத்துல நிக்க வேண்டிய சத்து மூத்திரத்துல ஒழுகிப் போவுது. அதனால ரத்தம் சட்டுனு உறையும். அதுமேல பேதிக்குக் கொடுத்து, குடிக்கவும் கொடுக்காம, அசையாமக் கிடந்தா கேக்கவே வேண்டாம். காலுல உள்ள ரத்தக் குழாய்க்குள்ள பால் உறையுத மாதிரி உறைஞ்சு அடைச்சிருக்கு. அதத் தேய்ச்சா ஒரு துண்டு பிஞ்சு நெஞ்சுக்குப் போவும். போனா மூச்சு நின்னுரும்."

"கரைக்க மருந்து உண்டா?"

"எங்கிட்ட இல்ல. வேற எங்கயும் இருக்கதா நான் கேள்விப்படல்ல." அவர் ஒளிக்கவில்லை. "கால உயர்த்தி வைப்போம். பஞ்சு சுத்துவோம். கொஞ்சங் கொஞ்சமா வெள்ளம் கொடுப்போம். உடம்பு தானா சரி பண்ணுதான்னு பாக்கணும். இந்தப் பிள்ளைகள்ல பலது பிழைக்கல்ல. அதச் சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லிட்டிய. இனிமே அவ காதுல விழுத மாதிரி சொல்ல வேண்டாம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, தம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பொன்மணி அதைக் குடித்த விதத்தைப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அழுதாள்.

5

கால் வீக்கம் கொஞ்சம் தணிந்து, நிறம் திரும்புகிறது என்று நம்பத் தொடங்கிய நேரத்தில், ஒரு பிற்பகல் பொன்மணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நெஞ்சைப் பிடித்தாள். "அம்மா, குத்துது" என்றாள். மூச்சு மேலே மேலே வாங்கியது. இருமினாள். துணியில் ரத்தம்.

டாக்டர் ஓடி வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சாய்த்து உட்கார வைத்தார். "ஒரு துண்டு வந்துட்டு. சின்னதா இருந்தாத் தப்பும்" என்றார். அதற்குமேல் அவருக்கும் செய்ய ஒன்றும் இல்லை. வெளியே போகாமல் கட்டிலோரத்திலேயே நின்றார்.

யாரோ சொல்லி அனுப்பி எங்கள் சபை உபதேசியார் வந்துவிட்டார். பின்னால் அத்தானும் மைனியும். மைனி வாசலிலேயே அழத் தொடங்கினார். உபதேசியார் வேதத்தைத் திறந்து, மரிக்கிறவர்களுக்கு வாசிக்கும் பகுதியை எடுத்தார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, அத மூடுங்க" என்றேன்.

"மக்கா, ஆத்துமாவுக்கு..."

"பிழைக்கதுக்கு ஜெபம் பண்ணுங்க. போறதுக்கு வேண்டாம். அதுக்குத்தான் வந்தியள்னா, எழும்பிப் போங்க."

சபைக்கு மூத்தவரிடம் நான் அப்படிப் பேசியதை ஊர் வெகுநாள் பேசியது. ஆனால் அவர் நல்ல மனிதர். வேதத்தை மூடினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு மூச்சத் தாரும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பொன்மணியின் முதுகைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஒவ்வொரு மூச்சோடும் நானும் மூச்சு விட்டேன். விளக்கேற்றும் நேரத்துக்கு மூச்சு தாழ்ந்து சீரானது. "கஞ்சி ஆறிப்போச்சு" என்று முனகினாள்.

தண்ணீர் குடிக்கத் தொடங்கியதிலிருந்து முகத்திலும் வயிற்றிலும் பழைய வீக்கம் திரும்பியிருந்தது. பிறகு வார்டில் மணல்வாரி அம்மை வந்தது. முதலில் வேறொரு பிள்ளைக்கு. அப்புறம் பொன்மணிக்கு. டாக்டர் முகத்தை வைத்தே, இனி ஒன்றும் இல்லை என்று அவர் நினைப்பது தெரிந்தது. காய்ச்சலில் பிள்ளை சுருண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் சிவந்து, பிறகு மெல்ல அடங்கியது. அடங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. பிள்ளைக்கு மூத்திரம் பெருகிப் போயிற்று. சட்டி சட்டியாகப் போயிற்று. முகம் வடிந்தது, வயிறு வடிந்தது. அந்த வீக்கத்துக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக என் பழைய பொன்மணி வெளியே வந்தாள்.

டாக்டர் குழாயை விளக்கில் பிடித்தார். தெளிவாக நின்றது. நம்பாமல் வேறொரு குழாயில் ஊற்றித் திரும்பவும் பிடித்தார்.

"இது எப்படி?" என்றேன்.

"தெரியாது. சில பிள்ளைகளுக்கு மணல்வாரிக்குப் பிறகு இப்படி நடக்கதா வாசிச்சிருக்கேன். ஆனா இத நம்பி யாரும் அம்மைய வரவழைக்கக் கூடாது. முக்காவாசி நேரம் அது கொன்னுரும்."

ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உபதேசியாரின் ஜெபம் என்றார்கள் சபையார். தங்கலிங்கம் தங்கள் கோவிலான பதியிலிருந்து கொண்டுவந்து பிள்ளையின் நெற்றியில் இட்ட நாமம் என்றார்கள் அவர் வீட்டார். தன் பேதி மருந்து தாமதமாக வேலை செய்தது என்று வைத்தியர் சொன்னாராம். நான் யாரோடும் வழக்காடவில்லை. அன்று கட்டிலை எடுத்த நான்கு தோள்களுக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்றும் நன்றி சொல்கிறோம்.

கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. உள்ளே அடைத்த குழாய் அடைத்ததுதான் என்றார் டாக்டர். மாலையானால் தடிக்கும். காலையில் எழுந்ததும் பாதத்திலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டை சுற்ற வேண்டும். அந்தச் சுற்றை அவளுக்கே கற்றுக்கொடுத்தார். ஏழு வயதுப் பிள்ளை, நாக்கைக் கடித்துக்கொண்டு, மடிப்பு விழாமல் தன் காலைத் தானே சுற்றிக்கொண்டாள்.

6

நாங்கள் திரும்பப் புறப்பட்டபோது அத்தான் சொன்னார்: "நீ போ. பிள்ள இஞ்ச நிக்கட்டு. இந்தக் காலோட கடல் தாண்டி என்ன கிழிக்கப்போறா?" அவர் சொன்னதில் அக்கறையும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன பெயர் விழும் என்று எனக்குத் தெரியும். "அவ எங்கூடத்தான் வருவா" என்றேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

அறை எடுக்காமல் கப்பலின் திறந்த தளத்தில் வருகிறவர்களைப் பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் இறக்கிச் சில நாள் வைத்திருப்பார்கள். தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் குவாரண்டைன். எல்லாரையும் ஒரு நீளக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தஞ்சாவூர்க் கிராணி ஒருவர். அதிகாரி பொன்மணியின் காலைப் பார்த்து நின்றார். யானைக்கால், அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பலாம் என்று கிராணியிடம் சொன்னது எனக்கு விளங்கியது.

மிஷன் போர்டிங்கில் படித்த இங்கிலீஷை எல்லாம் திரட்டிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். யானைக்கால் இல்லை, ரத்தக் குழாய் அடைத்த கால், டாக்டர் பார்த்திருக்கிறார், இது ஒட்டாது என்றேன். சொற்கள் முன்னும் பின்னும் விழுந்தன. அதிகாரி என்னை வரிசைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். நான் போகவில்லை. "அவளை நடக்கச் சொல்லிப் பாருங்கள்" என்றேன்.

நடக்கச் சொன்னார். பொன்மணி கொட்டகையின் அந்தக் கோடிவரை நடந்தாள். திரும்பி வந்தாள். ஒருபக்கம் கொஞ்சம் சாய்ந்த நடைதான். ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே வந்தாள்.

அதிகாரி குனிந்து ஏதோ கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "பாப்பா, உன்னோட கெட்ட கால் எதுன்னு துரை கேக்கறார்."

"கெட்ட காலு ஒண்ணும் இல்ல" என்றாள் பொன்மணி. "ரெண்டும் எனக்க காலுதான்."

"எனக்க காலா?" என்று கிராணி சிரித்தார். என்னுடைய என்பதை நாங்கள் எனக்க என்போம்; அந்தப் பேச்சை அவர் கேட்டதில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி.

கிராணி பிள்ளையை ஒருதடவை பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு இங்கிலீஷில், "புகார் எதுவும் இல்லையாம், ஐயா" என்றார். மொழிபெயர்ப்பு தப்பு. எங்களுக்குப் புகார் நிறைய இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி காலைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, அடுத்த ஆளிடம் போனார்.

தீவிலிருந்து படகில் கொண்டுவந்து இறக்கியபோது பொன்மணியப்பா துறைமுகப் படியில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். பிள்ளையை உயிரோடு பார்க்க மாட்டோம் என்று ஒருகாலத்தில் நினைத்த மனிதர். கையை நீட்டித் தூக்க வந்தார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டாள்.

"சரி, நீயே இறங்கு. வலது கால எடுத்து வை மக்கா" என்றார்.

நல்ல காரியத்துக்கு எல்லாரும் சொல்வதுதானே. பொன்மணி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பட்டை சுற்றிய இடது காலைத் தூக்கிப் படியில் ஊன்றி ஏறினாள்.